படத்தில் போட்ட பாதை

காசிநாதனைப் பற்றிச் சொல்லச் சொன்னால் முதலில் அவனைத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். ஜெயங்கொண்டத்தில் முப்பது வருஷமாக ஃப்ரேம் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம் எல்லாம் ஒரு அளவோடு வரும். நானும் அளவோடு சட்டம் அடித்துக் கொடுத்துவிடுவேன். இவன் கொண்டுவரும் படம் மட்டும் எந்த அளவுக்கும் அடங்காது. போதாக்குறைக்குப் பெயிண்டும் காய்ந்திருக்காது. "அண்ணே, ஓரத்தைப் புடிச்சு வாங்குங்க" என்பான். ஓரத்தைப் பிடித்தாலும் என் சட்டையில் ஒரு வாழைமரம் ஒட்டிக்கொள்ளும்.

மீன்சுருட்டிப் பக்கம் அவன் ஊர். வாரத்தில் ஆறு நாள் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மொபெட்டின் பின்னால் பலகையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஏரிக்கரை, முந்திரித் தோப்பு, கரும்புக் கொல்லை, கொள்ளிடத்து மணல் என்று எங்காவது உட்கார்ந்து வரைவான். முறையாக யாரிடமும் கற்றதில்லை. பத்தாவது முடித்ததும் அரியலூரில் லாரிக்குப் பெயர் எழுதும் பட்டறையில் சேர்ந்தான். ஒரு லாரியின் பின்பக்கத்தில் இரண்டு மலையும் நடுவில் சூரியனும் போடச் சொன்னார்கள். இவன், நம் ஊரில் ஏது மலை என்று ஒரு முந்திரித் தோப்பைப் போட்டு வைத்துவிட்டான். லாரிக்காரர் சண்டைக்கு வந்தார். அன்றோடு அந்த வேலை போயிற்று.

இன்றைக்கு அவன் படம் பெரம்பலூரில் ஒரு டாக்டர் வீட்டு ஹாலில் தொங்குகிறது. சிமெண்ட் ஆலை இன்ஜினியர்கள் மாற்றலாகிப் போகும்போது ஆளுக்கொன்று வாங்கிப் போகிறார்கள். யாருடைய நிலத்தை வரைகிறானோ அவர்களுக்கும் அதே படத்தைச் சின்னதாக இன்னொன்று போட்டுக் கொடுத்துவிடுவான், சும்மாதான். நல்ல மனசுக்காரன், அதை மறைப்பானேன்.

ஆனால் உள்ளதை உள்ளபடி வரைய மாட்டான். வறண்டு கிடக்கிற ஏரியில் தண்ணீர் விடுவான். கரண்ட் கம்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிடுவான். "மழையே பெய்யல, நீ ஒரு டப்பா நீலத்துல ஏரியை ரொப்பிட்டியேடா" என்று கேட்டால், "பாக்குறவங்களுக்குக் கண்ணு குளிரணும்லண்ணே" என்று சிரிப்பான். மனுஷரைப் போடவும் மாட்டான். அசைந்துகொண்டே இருக்கிறார்களாம். அவன் மனைவி கொளஞ்சி ஒருநாள் என் கடையில் வைத்தே சொன்னாள்: "இருபத்தஞ்சு வருஷமா கூட இருக்கேன், ஒரு படத்துலயும் என்னைக் காணோம். நான் புளியமரமா பொறந்துருக்கணுங்க."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், பாப்பாயி என்பவரின் முந்திரித் தோப்பை வரைந்தான். ஒன்றரை ஏக்கர் தோப்பு, அந்தக் குடும்பத்துக்கு அது ஒன்றுதான் சொத்து. ரோட்டோரம் அன்பழகன் என்பவனின் கடலைக்கொல்லை, அதைத் தாண்டித் தோப்பு. படத்தில் கொல்லைக்கு நடுவே செம்மண்ணில் ஒரு வண்டிப்பாதை வளைந்து வளைந்து தோப்புக்குள் போகும். அழகென்றால் அப்படி ஓர் அழகு. சின்னப் படத்துக்குச் சட்டம் போட்டவன் நான்தான். பாப்பாயியும் அவர் வீட்டுக்காரரும் அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார்கள். நாலு வருஷத்துக்கு முன் வீட்டுக்காரர் தவறிப்போனார். அந்த அம்மாள் தனியாகத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் அன்பழகன் தன் கொல்லையைச் சுற்றிக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டான். பாப்பாயி தோப்புக்குப் போக வழி இல்லாமல் போயிற்று. முந்திரி பழுத்து உதிர்ந்து கிடக்கிறது, எடுக்க ஆள் உள்ளே போக முடியவில்லை. கேட்டதற்கு, "எங்கிட்டயே கொடுத்துடுங்க, நல்ல விலை போட்டுத் தரேன்" என்றானாம். வழியில்லாத நிலத்தை வேறு யார் வாங்குவார்கள்? அவன் வைத்ததுதான் விலை. அந்த அம்மாள் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தார். வழிக்கென்று கையில் பத்திரம் எதுவும் கிடையாது.

அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். கடைக்கு வந்து அழுதவரிடம், "ஏன்க்கா, வூட்டுல காசி போட்ட படம் இருக்குல்ல? அதுல வண்டிப்பாதை பளிச்சுன்னு தெரியுதே, அதைக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்று கிளப்பிவிட்டேன். கண்ணாடியை நானே துடைத்தும் கொடுத்தேன். ஊரில் நாலு பேர், ஆமாம் அந்தப் பாதையில் மாட்டுவண்டி போனதைப் பார்த்திருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். பாப்பாயியே, வண்டியில் மூட்டை ஏற்றிப் போனதாகச் சொன்னார். பொய் சொல்கிற அம்மாள் இல்லை, நம்பித்தான் சொன்னார். வரைந்தவனையும் சாட்சிக்கு வரச் சொல்லித் தாசில்தார் ஆள் அனுப்பினார்.

விசாரணைக்கு முதல்நாள் மத்தியானம் காசி கடைக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணே, அங்க பாதையே கெடையாது."

"என்னடா சொல்ற?"

"வரப்புதான் இருந்துச்சு. ஒரு ஆள் போற வரப்பு. படம் மொட்டையா இருந்துச்சேன்னு நான்தான் பாதையை இழுத்துவிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அந்த அம்மாளுக்கே பாதை இருந்ததாகத் தோன்றிவிட்டது. கையெழுத்துப் போட்ட நாலு பேரும் அந்த வீட்டில் காபி குடித்தபடி படத்தைப் பார்த்தவர்கள்தான்.

"வாயை மூடிக்கிட்டு, ஆமா சார் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு" என்றேன். "ஏரியில தண்ணி விட்டவன்தானே நீ? இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"ஏரிக்கு யாரும் என்னைச் சாட்சி கூப்புடலண்ணே" என்றான். சொல்வானா மாட்டானா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் சொன்னது தப்பு என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்த அம்மாளின் முகம்தான் என் கண்ணில் நின்றது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். தாசில்தார் மேஜையில் ஒரு பக்கம் சர்வே படம், ஒரு பக்கம் காசியின் படம். அன்பழகன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். பாப்பாயி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சர்வேயில பாதை இல்ல, உங்க படத்துல இருக்கு" என்றார் தாசில்தார். "பாத்துதான் வரைஞ்சீங்களா?"

காசி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணால் ஜாடை காட்டினேன்.

"இல்லீங்க சார். பாதை நானா போட்டது."

பாப்பாயி அவனைப் பார்த்த பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். அன்பழகன், "பாத்தீங்களா சார், எல்லாம் ஜோடனை" என்று எழுந்தான். தாசில்தார் படத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தார். அவ்வளவுதான், தோப்பு போயிற்று என்று நான் நினைத்தேன்.

"சார், நான் இன்னும் முடிக்கலீங்க" என்றான் காசி. "வண்டி போகல. ஆனா ஆள் போனாங்க. மூணு ஞாயித்துக்கெழமை புளியமரத்தடியில உக்காந்து வரைஞ்சேன். இந்தக்கா அந்த வரப்புல போறதும் வர்றதுமா இருந்தாங்க. போகும்போது வெறுங்கூடையும் கையில ஒரு தூக்குச்சட்டியும் இருக்கும். வரும்போது தலையில கூடை நெறைய முந்திரி. எனக்குத் தோப்பை மறைக்குதுன்னு, கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கான்னு நாலஞ்சு தடவை சொல்லிருக்கேன். அவங்களும் வெயில்ல தள்ளி நின்னாங்க. இல்லாத பாதையைப் போட்டேன் சார், நடந்த ஆளைப் போடாம வுட்டுட்டேன்."

தாசில்தார் பேனாவை மூடி வைத்தார்.

"அன்பழகன் அண்ணனுக்கே தெரியும்" என்றான் மறுபடி. "ஒருநாள் இந்தக்கா வரப்புல கூடையை எறக்கி வெச்சுட்டுத் தூக்க முடியாம நின்னாங்க. அண்ணன்தான் மோட்டார் கொட்டாயிலேருந்து வந்து தலையில தூக்கி வுட்டாரு."

தாசில்தார் அன்பழகனைப் பார்த்தார். "உண்டா, இல்லையா?"

அன்பழகனும் மோசமானவன் இல்லை, ஆசை பிடித்தவன், அவ்வளவுதான். "தூக்கி வுட்டேன் சார்" என்றான். அப்புறம், இல்லையென்று எப்படிச் சாதிப்பது? ஆள் நடந்துபோக வரப்பையொட்டி மூன்றடி விட்டு வேலியைப் பிரித்துக் கட்டுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். வண்டிக்கு வழி கிடைக்கவில்லை. குட்டியானை லாரிகூட உள்ளே போகாது, தலைச்சுமைதான். தோப்பு மட்டும் பாப்பாயியிடமே நின்றது.

வெளியே வந்ததும் அந்த அம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்தார். படம் மடியில் இருந்தது. காசி எதிரே குற்றவாளி மாதிரி நின்றான். திட்டப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். வண்டிப்பாதையை வாயால் கெடுத்தவனாயிற்றே.

"தம்பி, நான் கையில தூக்கு வெச்சுருந்ததைப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. அதுக்கு மூடி இல்ல, மேல துணி கட்டியிருந்தீங்க."

"கஞ்சி" என்றார் பாப்பாயி. "எங்க வூட்டுக்காரருக்கு. விடிய போயி முந்திரி பொறுக்கிக்கிட்டு இருப்பாரு. ஆறிப்போறதுக்குள்ள கொண்டுபோவணும்னு ஓடுவேன். நீ தள்ளி நில்லுன்னு சொல்லுவ. நின்னுட்டுப் போனா, ஏன் லேட்டுன்னு அவரு ஏசுவாரு."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வீட்டுக்காரர் செத்த அன்றுகூட அந்த அம்மாள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. காசியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் படத்தை அவர் மடியிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"தப்புதான்க்கா" என்றான் காசி.

பாப்பாயி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். சேலையை உதறினார்.

"ஞாயித்துக்கெழமை பலகையை எடுத்துக்கிட்டு வா. அந்தத் தூக்கு வூட்டுலதான் கெடக்கு, எடுத்துக்கிட்டு வரேன். நான் நடக்குறேன், நீ போடு."