வெண்ணெய் ஊறிய தோல்

ஒரு பொருளை உயிராகப் பேணுகிறவன், அது எதற்காக இருக்கிறது என்பதை மறந்துவிட முடியுமா? கவாகுரேயின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் என்னிடம் விட்டுப்போனது.

கிடேகா நகரத்துக்குத் தெற்கே, எங்கள் குன்றில் ஒன்பது முரசுகள். அடிப்பவர்கள் நாங்கள், பார்த்துக்கொள்பவன் கவாகுரே. கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த மழையிலும் எங்கள் முரசுகளில் பூசணம் பிடித்ததில்லை, எலி வாய் வைத்ததில்லை.

எங்கள் பேச்சில் முரசு ஒரு தாய். தோலை இறுக்கும் ஆப்புகளுக்கு முலை என்று பெயர். மேலே இழுத்துக் கட்டிய மாட்டுத்தோலுக்கு, பிள்ளையை முதுகில் சுமக்கும் தோலின் பெயர். அப்படியொரு சுமக்கும் தோல் கவாகுரே வீட்டுச் சுவரில் தொங்கியது. அவன் மனைவி கன்யாங்கே அதில் சுமந்த ஒரே மகள் எட்டாம் மாதத்தில் இறந்துபோனாள். இருபது வருடமாக அவன் அதற்கு வெண்ணெய் தடவிவந்தான். துணிபோல மெத்தென்று இருக்கும்.

அந்தக் கோடையில் நடுமுரசின் தோல் ஓரத்தில் வெடிக்கத் தொடங்கியது. மற்ற எட்டும் அதைக் கேட்டுத்தான் ஒலிக்கும். கவாகுரே யாரையும் கேட்காமல் அதற்கும் வெண்ணெய் தடவினான்.

அடுத்து வந்த ஒரு கல்யாண வீட்டு முற்றத்தில் எங்கள் தலைவர் ந்சிகாமியே கோலை ஓங்கி அடித்தார். தொப்பென்றது.

“என்னடா இது, மரவள்ளிக் களியில அடிச்ச மாதிரி இருக்கு?”

“காய்ஞ்சு வெடிச்சுது அண்ணே. அதான் கொஞ்சம் வெண்ணெய்...”

“வெண்ணெயா! இதுல புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போகப்போறியா?”

எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டோம். கவாகுரேதான் கடைசிவரை சிரித்தான்.

மாப்பிள்ளையின் சித்தப்பா சொல்லிவிட்டார்: “அடுத்த மாசம் என் மகளுக்குக் கல்யாணம். அன்னைக்கும் இப்படின்னா, இனிமே பக்கத்துக் குன்று ஆளுங்கதான்.”

ந்சிகாமியே தன் காளையை அறுத்துத் தோல் கொடுத்தார். கவாகுரே அதை ஊறவைத்து, இழுத்து, ஆப்பறைந்து, மயிர் மழித்து, பத்து நாள் வெயிலில் வைத்தான். அடித்துப் பார்த்தபோது பள்ளத்தாக்குக்கு அப்பால் வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நான் எதையும் லேசில் பாராட்டுகிறவன் இல்லை. அந்த ஓசையில் குறை இல்லை.

“கேட்டியா?” என்றார் ந்சிகாமியே. “இதுக்கு வெயில் போதும். வெண்ணெய்ப் பக்கமே போகாத.”

“தெரியும் அண்ணே. இப்பத் தெரியும்.”

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் கன்யாங்கே என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“தம்பி, மூணு நாளா வெண்ணெய்க் குடுவையும் கையுமா இருக்காரு. நான் சொன்னா காதுல விழல. நீயாவது வந்து சொல்லு.”

போனேன். நடுமுரசைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தான். தோல் பளபளத்தது. விரலால் அழுத்தினேன், குழிந்தது.

“கவாகுரே, நாளைக்குக் கல்யாணம்.”

“தெரியும்.”

குடுவைக்குள் கைவிட்டு இன்னொரு பிடி வெண்ணெய் எடுத்தான்.