நாகலிங்கம் களவெடுத்த வைஃபை

சண்டிலிப்பாய் தம்பிஐயா அரச அலுவலகமொன்றில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த உத்தியோகத்தில் அவர் கற்றுத் தேர்ந்த கலை ஒன்றுதான். ஒரு காரியம் பிழைத்தால் என்ன பிழைத்தது என்று பார்க்கமாட்டார். யார் பிழை விட்டது என்று பார்ப்பார். கூரை ஒழுகினால் மேசனைத் தேடாமல், மழை பெய்த அன்று கடமையில் இருந்தவனைத் தேடுவார். அந்தத் தேடலில் ஒருநாளும் அவருடைய சொந்தப் பெயர் அகப்பட்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகு தேடுவதற்கு ஆளில்லாமல் மனிதர் வாடியிருந்த வேளையில், ரொறன்ரோவிலிருந்து வந்த மகன் சிவதர்ஷன் ஒரு லப்டொப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் புண்ணியத்தில் ஊர் ஒன்றியத்தின் உள்ளூர்ச் செயலாளர் பதவியும் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை மாலைகளில் ஸூம் கூட்டம். கனடா, லண்டன், பாரிஸ் என்று சிதறிப்போன ஊரவர்கள் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் வந்து குந்துவார்கள். தம்பிஐயா இடுப்பில் சாரமும் மேலே மினுக்கிய வெள்ளைச் சேட்டுமாக விறாந்தையில் அமர்ந்து, வாசிகசாலைக்குப் பெயின்ற் அடிப்பது பற்றி முழங்குவார்.

முழங்கத் தொடங்கினால் இன்ரநெற் லைன் அறுந்து விழும்.

"வாசிகசாலையின் வரலாற்றை நாங்கள் நோக்குமிடத்து..." என்று திறந்த வாயோடு திரையில் உறைந்துபோவார். கூட்டத்தார் அந்த வாயைப் பார்த்துக்கொண்டே மிச்ச அலுவல்களை நிம்மதியாகப் பேசி முடித்துவிடுவார்கள்.

"என்ரை ஃபோனிலை நாடகம் வடிவாய் ஓடுது. உங்கடை லப்டொப்பிலைதான் ஏதோ கோளாறு போலயப்பா," என்றாள் மனைவி மகாதேவி.

"உமக்கு உது விளங்காது. ஆரோ எங்கடை வைஃபையை இடையிலை இழுக்கிறான்."

யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அடுத்த வளவு நாகலிங்கம் போயிலைத் தோட்டக்காரர். அவருடைய மகள் கீர்த்திகா எந்த நேரமும் ஃபோனும் கையுமாகத் திரிகிறாள். வேறென்ன சாட்சி வேண்டும்?

தம்பிஐயா லைன் தந்த கொம்பனிக்கு ஃபோன் எடுத்து, அவர்கள் சொல்லச் சொல்ல மகாதேவியின் ஃபோனிலிருந்தே வீட்டு வைஃபையின் பாஸ்வேர்ட்டை மாற்றுவித்தார். அந்தக் கணமே மகாதேவியின் நாடகம் நின்றுபோனது. லப்டொப் மட்டும் ஒன்றும் நடவாதது போல ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீரோ, எஜமானைத் தெரிஞ்ச சாமான்," என்று அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். மகாதேவி புதிய பாஸ்வேர்ட்டை எழுத்தெழுத்தாக அடித்து நாடகத்தை மீட்டெடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமையும் லைன் விழுந்தது. தம்பிஐயா ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவில் அறிக்கை விட்டார்: 'அயலவர் ஒருவரின் மின்காந்தத் திருட்டுக் காரணமாக எனது உரை இடைநடுவில் தடைப்பட்டது.' அறிக்கை ரொறன்ரோவுக்குப் போய், லண்டனைத் தொட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

அடுத்த கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது நாகலிங்கம் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"அண்ணை, நான் உங்கடை வைஃபையைக் களவெடுக்கிறன் எண்டு கனடாவிலை இருந்து சொந்தக்காரர் கேக்கினம். எங்களிட்டைச் சொந்த லைன் இருக்கு. இப்ப போய் அதை நிப்பாட்டிறன். உங்கடை லைன் நல்லாய் ஓடுதோ எண்டு எல்லாருக்கும் முன்னாலை பாப்பம்."

"தாராளமாய் நிப்பாட்டும்!" நாகலிங்கம் மதிலுக்கு அந்தப் பக்கம் போனதும் தம்பிஐயா திரையை நோக்கி நெஞ்சை நிமிர்த்தினார். "அன்பர்களே, உண்மை இப்போது..."

திரையில் உறைந்துபோனார். பக்கத்தில் மகாதேவியின் ஃபோனில் நாடகத்து மாமியார் தடங்கலின்றி அழுதுகொண்டிருந்தாள்.

"ஓடுதோ, அண்ணை?" மதிலுக்கு மேலால் நாகலிங்கத்தின் குரல் வந்தது. தம்பிஐயா லப்டொப்பின் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். நாகலிங்கம் உள்ளே போய்த் தன் லைனைத் திரும்பவும் போட்டார். லப்டொப் உயிர் பெற்றது. மகாதேவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் மூலையில் அழுத்திப் பார்த்தாள். தொடுத்திருந்த லைனின் பெயர் அங்கே கிடந்தது: 'கீர்த்தி'.

"இது நாகலிங்கத்தின்ரை பெட்டை கீர்த்திகாவின்ரை பேரெல்லோ!"

தங்கள் வீட்டுக்கு லைன் வருமுன் சிவதர்ஷன் நாகலிங்கத்திடம் பாஸ்வேர்ட் கேட்டு லப்டொப்பில் போட்டது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பிறகு கொம்பனிக்காரர் வந்தபோது, ஒன்றிய இரகசியங்கள் இருக்கின்றன என்று சொல்லித் தம்பிஐயா அவர்களை லப்டொப்பைத் தொடவே விடவில்லை. அன்று தொடக்கம் மனிதர் அடுத்த வீட்டு லைனில்தான் முழங்கியிருக்கிறார். நாகலிங்கம் தோட்டத்துக்கோ கோயிலுக்கோ புறப்பட்டு, கறண்ட் வீணாகுமென்று வைஃபைப் பெட்டியை நிறுத்தும்போதெல்லாம் உறைந்திருக்கிறார்.

மறுபடி வந்து விசயத்தைக் கேட்ட நாகலிங்கம் கோபிக்கவில்லை. "வேணுமெண்டால் சனிக்கிழமையிலை நிப்பாட்டாமல் விடுறன் அண்ணை. நீங்கள் ஆறுதலாய்க் கதையுங்கோ."

ஏச்சைத் தாங்கியிருப்பார், இந்தத் தயவைத் தம்பிஐயாவால் தாங்க முடியவில்லை.

"உம்மடை வைஃபை என்ரை எல்லைக்குள்ளை வந்திருக்கு, நாகலிங்கம். ஆரிட்டை அனுமதி எடுத்தனீர்?"

மகாதேவி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். மைக் திறந்தே கிடந்ததால் மூன்று நாடுகள் சிரித்தன.

அன்று இரவே மகாதேவி லப்டொப்பைச் சொந்த லைனில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு தடங்கலும் இல்லை. தம்பிஐயா வாசிகசாலையின் வரலாற்றை அத்திவாரத்திலிருந்து தொடங்கி, வாசகர் குந்தும் வாங்கு வாங்கிய ஆண்டுவரை ஒரே மூச்சில் சொல்லலானார். இரண்டு மூன்று கூட்டங்களுக்குள் பாரிஸ்காரர் லைன் சரியில்லை என்று விலகினார். லண்டனில் புயலாம். ரொறன்ரோவில் ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் நெற்வேர்க் போய்விட்டது.

"பாவங்கள்," என்றார் தம்பிஐயா, வெறுமையாகிப்போன திரையைப் பார்த்து. "வெளிநாடெண்டு போய் என்ன பிரயோசனம்? ஒரு ஒழுங்கான லைன் இல்லை."

"ஓமப்பா," என்றாள் மகாதேவி.