நெரேய்தா போட்ட கறுப்பு ஒயர்

க்ரூசெஸ் ஊரில் நெரேய்தா கல்பானுக்கு ஒரு பெயர் உண்டு. அவள் கை வைத்த காரில் விளக்கு எரியும். அவ்வளவுதான், பெரிய பட்டம் ஒன்றுமில்லை. ஐம்பத்து மூன்று வயதில் அவள் சோறும் கறுப்பு பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அந்தப் பெயரை வைத்துத்தான். சர்க்கரை ஆலையில் பதினாறு வருஷம் மோட்டார்களோடு மல்லுக்கட்டியவள். ஆலையை ஒரு நாள் இழுத்து மூடிவிட்டார்கள். கூட வேலை பார்த்த ஆம்பிளைகள் டோமினோ மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஊர் நியாயம் பேசிக்கொண்டிருக்க, இவள் டெஸ்ட் விளக்கை எடுத்துக்கொண்டு ஊரிலிருந்த பழைய கார்களுக்கு அடியில் போய்ப் படுத்தாள். பிழைத்தாள்.

அந்தப் பெயருக்குத்தான் அனிசெத்தோ உலை வைத்தான்.

அவனிடம் ஐம்பத்து மூன்றாம் வருஷத்துச் செவ்ரலே ஒன்று. க்ரூசெஸுக்கும் சியென்ஃபுவேகோஸுக்கும் நடுவே ஆளேற்றி ஓட்டுகிற வண்டி. எஞ்சின் ஏதோ கொரியா வேனிலிருந்து வந்தது, பிரேக் ரஷ்யாக்காரனுடையது, ஒயரிங் மட்டும் அவன் அப்பா காலத்தது. துணி சுற்றிய ஒயர், தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். நெரேய்தா அத்தனையையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, எட்டு நாள் குனிந்த தலை நிமிராமல் புதிதாகக் கட்டிக் கொடுத்தாள். முன்விளக்கு, பின்விளக்கு, பிரேக், இண்டிகேட்டர் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. அனிசெத்தோ கை தட்டினான். நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும், தட்டினானா இல்லையா?

மூன்று வாரம் கழித்து வருஷாந்திரப் பரிசோதனைக்கு வண்டியைக் கொண்டுபோனான். பிரேக்கை மிதித்தால் பின்னால் ஒன்றும் எரியவில்லை. முன்னால் இருக்கும் சின்ன விளக்குகள் மினுக்கின. இடது இண்டிகேட்டரைப் போட்டால் பக்கத்திலிருந்த சிவப்பு விளக்கும் சேர்ந்து துடித்தது. பரிசோதகர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உடனே இந்த மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? வரிசையில் நின்ற முப்பது டிரைவர்கள் முன்னால், நாக்கில் நரம்பில்லாமல் கத்தினான்: "க்ரூசெஸ்ல நெரேய்தா கல்பான்னு ஒரு பொம்பள இருக்கா. தப்பித் தவறிக்கூட அவகிட்ட வண்டிய விட்றாதீங்க! பிரேக்க மிதிச்சா மூஞ்சில லைட்டு எரியுது!"

அவன் கார் ஊர் திரும்புமுன் அந்தப் பேச்சு திரும்பிவிட்டது. பதினோரு நாள் நெரேய்தா வீட்டு வாசலில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. வருகிறேன் என்று சொல்லியிருந்த இரண்டு பேரும் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். ரொட்டி வாங்கப் போன இடத்தில் ஒருவன், "என்ன நெரேய்தா, மூஞ்சில லைட்டு எரியுதாமே?" என்று இளித்தான். அவளுக்கு வந்த கோபத்தில் ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு நேரே அனிசெத்தோ வீட்டுக்கு நடந்தாள்.

"காரக் காட்டு."

"எதுக்கு? மிச்சம் இருக்கறதையும் கெடுக்கவா?"

"வாய மூடிக்கிட்டு பானெட்டத் தொற."

டெஸ்ட் விளக்கின் ஒரு நுனியை பேட்டரியில் மாட்டினாள். மறு நுனியை அடிச்சட்டத்தில் வைத்தாள், எரிந்தது. பின்விளக்கின் கூட்டில் வைத்தாள், எரியவில்லை. விளக்குக்கு மின்சாரம் போகிறது, திரும்பி வரத்தான் வழியில்லை. வழியில்லாவிட்டால் அது சும்மா இருக்குமா, கிடைத்த சந்திலெல்லாம் புகுந்து முன்னால் போய் எரியத்தான் செய்யும். விரலை மடக்கிப் பின்பக்க மட்கார்டைத் தட்டினாள். டொக் டொக் என்றது. அதில் இரும்பே கிடையாது, ஃபைபரும் மேலே பூசிய பட்டியும்தான். அது அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் இரண்டு பின்விளக்கையும் ஒரே கறுப்பு ஒயரில் கோத்து, அதன் நுனியை டிக்கிக்குள் அடிச்சட்டத்தில் ஒரே ஒரு ஸ்குரூவால் முறுக்கியிருந்தாள். டிக்கியைத் திறந்தாள். ஸ்குரூ இருந்தது, ஒயரைக் காணோம்.

"எங்கிட்டருந்து போனப்புறம் வண்டி எங்க போச்சு?"

"எங்கயும் போகல."

"அனிசெத்தோ!"

"பெயின்ட்டுக்குத்தான் போச்சு. எவெலியோகிட்ட. நாலு நாள்."

நாலு நாள் பெயின்டருடைய கொட்டகையில் கிடந்த வண்டியை எங்கேயும் போகவில்லை என்கிறான். இவனை என்ன செய்தால் தகும்?

எவெலியோ வீட்டுப் பின்கட்டில் பப்பாளி மரத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே துணி காய்ந்துகொண்டிருந்தது. நெரேய்தா அண்ணாந்து பார்த்தாள். கறுப்பு ஒயர். நுனியில் அவள் கையால் அழுத்திப் பூட்டிய வளையம் அப்படியே இருந்தது.

"இது என்னய்யா?"

"கொடி," என்றான் எவெலியோ, வெள்ளை மனதோடு. "பெயின்ட் அடிக்கறதுக்கு லைட்டக் கழட்டுனேன். இந்த ஒயர் ஒரு நுனி லைட்டுலயும் மறு நுனி இரும்புலயும் சும்மா கெடந்துச்சு. பேட்டரிக்கும் போகல, சுவிட்சுக்கும் போகல. பாவம், நாலு மீட்டர் செம்பு வேஸ்ட்டாப் போகுதேன்னு எடுத்துக்கிட்டேன். துரு வேற புடிக்காது."

"சும்மா கெடந்துச்சா? எட்டு நாள் முதுகொடிஞ்சு கட்டுன ஒயருய்யா! உன் ஜட்டி காயறதுக்கா கட்டுனேன்?"

"கத்தாத நெரேய்தா. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல?"

அவள் ஒயரை அவளே கேட்டிருந்தால் கொடுத்திருப்பானாம்! இந்த ஊரில் ஆணி கிடந்தாலும் ஆளுக்கொரு பயன் கண்டுபிடிப்பார்கள் என்பது நெரேய்தாவுக்குத் தெரியாததா? அவளே வாளிக் கைப்பிடியில் கொக்கி செய்தவள்தான். ஆனால் ஒரு வண்டியின் உயிரைப் பிடுங்கித் துணி காயப் போட்டவன் ஊருக்குள் நல்ல பெயரோடு திரிய, கட்டியவள் வாசலில் ஈ ஓட்டுவதா? சொக்காய், பாவாடை எதையும் எடுக்காமல் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். துணியெல்லாம் மண்ணில் விழுந்தன. எவெலியோவின் மனைவி உள்ளேயிருந்து போட்ட கூச்சலை அவள் காதில் வாங்கவில்லை.

அரை மணி நேரத்தில் ஒயர் இருந்த இடத்துக்குத் திரும்பியது. எல்லா விளக்கும் எரிந்தன. அனிசெத்தோ தலையைச் சொறிந்தான்.

"சரி, ஆனது ஆச்சு. காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிருச்சுல்ல?"

"கத்துனது மட்டும் காதும் காதும் வச்ச மாதிரியா கத்துன? நாளைக்கு நானும் வரேன். எந்த இடத்துல என் பேரக் கெடுத்தியோ அந்த இடத்துல எரியட்டும்."

மறுநாள் காலையில் சியென்ஃபுவேகோஸ் பரிசோதனை நிலையத்தில் வரிசை தெருவரை நீண்டிருந்தது. "கடைசி ஆள் யாரு?" என்று அனிசெத்தோ கேட்க, பச்சைக் காரில் இருந்தவர் கை தூக்கினார். பாதிப் பேர் போன தடவை நின்ற அதே டிரைவர்கள். நெரேய்தாவைப் பார்த்து ஒருவருக்கொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முறை வந்தது. பரிசோதகர் ஒவ்வொரு விளக்காகப் பார்த்தார். பிரேக் எரிந்தது. இண்டிகேட்டர் எரிந்தது. டிக்கியைத் திறந்து குனிந்தவர் நிமிரவே கொஞ்ச நேரம் ஆனது.

"ரொம்ப சுத்தமான வேலை. இப்படி ஒயர் கட்டி நான் பார்த்து வருஷக்கணக்காச்சு. யாரு கட்டுனது?"

அனிசெத்தோ நெஞ்சை நிமிர்த்தினான். "நானும் என் மச்சானும்தான். வீட்லயே வச்சு."

கொஞ்சமாவது வாய் கூசியதா அவனுக்கு? பக்கத்திலேயே நிற்கிறாள் மனுஷி!

நெரேய்தா காரின் பின்பக்கம் போனாள். பாக்கெட்டிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். டிக்கிக்குள் கை விட்டு, அந்த ஒரே ஸ்குரூவைக் கழற்றி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, இன்னொரு தடவை பிரேக்கப் பாத்துருங்க."

மிதித்துப் பார்த்தார்கள். பின்னால் இருட்டு. முன்னால் சின்ன விளக்குகள் மினுக்கின. பரிசோதகர் கையெழுத்துப் போடப்போன பேனாவை மூடினார்.

"இது என்ன கூத்து?"

"கட்டுனவங்ககிட்ட கேளுங்க. வீட்லயே கட்டுனாங்களாம்ல, இங்கயே சரி பண்ணட்டும்."

அனிசெத்தோவுக்கு வேர்த்துக் கொட்டியது. அவளைப் பார்த்தான், அவள் மூடிய கையைப் பார்த்தான், பின்னால் ஹார்ன் அடிக்கத் தொடங்கிய வரிசையைப் பார்த்தான்.

"நெரேய்தா, வெளையாடாத. ஸ்குரூவக் குடு."

"யாரு கட்டுனது?"

"நீதான்," என்றான் முணுமுணுப்பாக.

"பேரு இல்லையா எனக்கு? அன்னிக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சே!"

"நெரேய்தா கல்பான் கட்டுனா! போதுமா? நெரேய்தா கல்பான்!"

அவள் வரிசையின் கோடியைப் பார்த்தாள். கையைத் திறக்கவில்லை.

"கடைசில நிக்கறவருக்குக் கேக்கலையாம்."