வலக்கை எரிச்சல்

என் மகளுக்கு ஏழு வயதில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பழக்கம் வந்தது. எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள், திடீரென்று கண் ஓரிடத்தில் குத்தி நிற்கும், வலக்கை விரல்கள் மட்டும் காற்றில் எதையோ கிள்ளிக் கிள்ளிப் போடும். "அந்தா, டீச்சர் மக கொழுந்து மலைக்குப் போயிட்டா," என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பார். "நல்ல கைங்க. காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் போட்டுறலாம்."

எனக்குச் சிரிப்பு வராது. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிற அதே தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பாடசாலையில் ஆசிரியையானவள் நான். அம்மாவின் தலையில் கூடைக் கயிறு அழுத்திய பள்ளத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் படித்தேன். என் பிள்ளையின் விரலுக்கும் அதே வேலையா என்று சுள்ளென்று கோபம் ஏறும். "கைய எடு! மலைக்குப் போகவா ஒன்னப் படிக்க வைக்கிறேன்?" என்று அந்தக் கையிலேயே பட்டென்று போடுவேன். கொஞ்சம் பொறுத்துத்தான் அவள் விழிப்பாள். "என்னாம்மா?" என்பாள். நடிக்கிறாள் என்று நினைத்து இன்னொன்று வைப்பேன்.

ஒரு நாள் வகுப்பறையில் உடம்பெல்லாம் வெட்டி இழுத்து விழுந்தாள். வலிப்பு. கொழுந்து எடுத்ததுகூட வலிப்புதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்கவில்லை. கடைசியில் கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலை முழுக்க வயர் ஒட்டி, எதிரே கமெரா வைத்துப் படுக்கவைத்தார்கள். வலிப்பு ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று உறுதியானால் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடலாம். சந்தேகம் இருந்தால் தொடமாட்டார்கள்.

டொக்டர் சிங்களவர், சாந்தமான மனிதர். மகளுக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்தவள் நான்தான்.

"அது வாறப்போ ஒனக்கு என்னா செய்யுதுன்னு கேக்குறாரு."

"தெரியலம்மா. ஆனா கை எரியும். இந்தக் கை."

வலக்கையை நீட்டினாள். அப்படியே சிங்களத்தில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த டொக்டர் நிமிர்ந்தார். ஸ்கேன் படத்தில் வடு இருப்பது மூளையின் வலப்பக்கம். வலக்கை எரிகிறதென்றால் கோளாறு இடப்பக்கமாக இருக்கலாம். இரண்டும் ஒத்துப்போகவில்லை, அதனால் ஒப்பரேஷனைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். எரிச்சல் எங்கெல்லாம் வருகிறது என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன்.

"ஸ்கூல்ல எரியாது. இங்கயும் எரியல. வீட்டுலதான், நீங்க பக்கத்துல இருக்கிறப்போ."

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும், பிள்ளை வலிப்போடு வீடு திரும்புவாள். சிங்களத்திலேயே சொன்னேன். அது வலிப்பில் வருகிற எரிச்சல் இல்லை, நான் அடித்த அடி என்று. டொக்டர் எழுதியதை அடித்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மகள் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாம்மா சொன்னீங்க?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன்."

ஒப்பரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் விரல்கள் காற்றைக் கிள்ளவில்லை. லயத்தில் எல்லோரும் என்னை மெச்சுகிறார்கள், எவ்வளவு அலைந்து பிள்ளையைக் காப்பாற்றினாய் என்று. நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

போன வாரம் பாடசாலைக்குக் கிளம்பும்போது, காதுக்கு மேலே இருக்கிற தழும்பு தெரியாமல் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வலக்கையை விரித்துப் பார்த்தபடி சொன்னாள்:

"அம்மா, இப்பல்லாம் கை எரியிறதே இல்ல. தலையில வெட்டுனப்போ அதையும் சேத்து எடுத்துட்டாங்களா?"

"ஆமா," என்றேன். "எடுத்துட்டாங்க."