தவமணி ஒவ்வொன்றாகக் கழற்றிய டிரம்ஸ்

போன வெள்ளிக்கிழமை காலை, பழனியில் என் பாத்திரக் கடையைத் திறந்து குடங்களை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தபோது தவமணியின் மனைவி மலரிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். அவள் எப்போது அழைத்தாலும் பின்னால் ஓர் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கும். தவமணிக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்த இயந்திரம். அன்று அந்தச் சத்தம் இல்லை. அதை நான் கவனித்த பிறகுதான் அவள் குரல் வந்தது.

"வெள்ளனே போயிட்டாருண்ணே. முழிச்சுத்தான் இருந்தாரு. நீங்க வெரசா கெளம்பி வாங்க."

பூம்பாறைத் தவமணி, பூண்டு போடும் குடும்பத்துப் பிள்ளை. கொடைக்கானலில் நாங்கள் நான்கு பேர் தொடங்கிய மெட்டல் இசைக்குழுவில் இருபத்திரண்டு ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்தவன். நான் அதில் பாஸ் கிட்டார். பாஸ் வாசிப்பவன் டிரம்ஸ்காரனின் காலோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். அவன் கால் விழும் இடத்தில் என் விரல் விழ வேண்டும். அவனை மேடைக்கு முன்னால் நின்று பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். நான் பக்கத்தில் நின்றவன். அவனுக்கு என்ன ஆகிறது என்று நீங்கள் பார்க்காமல் போனதற்கு நியாயம் உண்டு. எனக்குக் கிடையாது.

அவனுடைய முதல் டிரம்ஸ் கொடைக்கானலில் ஒரு தேவாலயத்தில் கழித்துக் கட்டியது. ஐந்து உருப்படி. கிழிந்த தோலுக்கு உள்பக்கமாக டேப் ஒட்டி மூன்று வருடம் ஓட்டினான். அதற்குப் பிறகு, காலால் மிதித்து அடிக்கும் பெரிய பாஸ் டிரம் இன்னொன்று வேண்டும் என்று மதுரைக்குப் போய் வாங்கினான். அது பூண்டு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் தார்ப்பாய் போட்டுக் கட்டி மலையேறியது. வீட்டு வாசலில் இறக்கியபோது அவனுடைய அப்பா சத்தம் போட்டார்.

"ஏலே, ஒண்ணு பத்தாதா? வீடு இடிஞ்சு விழுகவா இதைக் கொண்டாந்த?"

"ரெண்டு காலு இருக்குல்லப்பா. ஒண்ணு எதுக்குச் சும்மா கெடக்கணும்?" என்றான்.

பத்து வருடத்தில் அது ஒரு கோட்டை ஆனது. சின்னதும் பெரியதுமாக ஆறு டாம் டிரம், எட்டு சிம்பல் தட்டு. ஊர் ஊராக வேனில் போக வேண்டியிருந்ததால் இரண்டாவது பாஸ் டிரம்மை மட்டும் விட்டுவிட்டு, ஒரே டிரம்மை இரண்டு காலாலும் அடிக்கும் இரட்டைப் பெடல் வாங்கினான். முன்னாலிருந்து பார்த்தால் அவன் முடி மட்டும்தான் தெரியும். மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். எங்களைத் தொட விடமாட்டான். "எல்லாம் கை போற தூரத்துல இருக்கணும்டா. தேடுனா செத்தோம்" என்பான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், இடது பக்கத்தில் உயரத்தில் நின்ற சிம்பலைக் காணோம். கேட்டேன். "சோலி இல்லாம நின்னுச்சு, கழட்டிப்புட்டேன்" என்றான். சில மாதம் கழித்து இரண்டு டாம் போயின. பிறகு மிச்சமிருந்த சிம்பல்கள் தலை உயரத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கின. நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கின. குச்சிகளின் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றினான். ஒரு பேட்டியில் இதைப் பற்றிக் கேட்டார்கள். "தேவையில்லாததை எல்லாம் உதறிவிட்டான், முதிர்ச்சி வந்துவிட்டது" என்று நான்தான் பதில் சொன்னேன். தவமணி தரையைப் பார்த்துச் சிரித்தான். அந்தப் பேட்டி இன்னும் இணையத்தில் இருக்கிறது. நான் திரும்பப் பார்ப்பதில்லை.

அடுத்துப் போனது இடது காலின் பெடல். அவன் வீட்டுப் பூண்டுக் கொட்டகையில் பயிற்சி. இரண்டு காலும் குதிரைபோல ஓட வேண்டிய பாட்டில் ஒற்றைக் காலால் ஒன்றுவிட்டு ஒன்று அடித்தான். பாட்டே மாறிவிட்டது. "எல்லா எடத்துலயும் அடிக்கணும்னு சட்டமா? கொஞ்சம் எடம் விட்டுத்தான் பாப்போமே" என்றான். பெங்களூரில் வாசித்தபோது அந்த இடைவெளியில் கூட்டம் மூச்சடைத்து நின்றது. அடுத்த அடி விழுந்ததும் கத்தித் தீர்த்தது. நாங்கள் ஜெயித்ததாக நினைத்தோம். அவனோ மேடை காலியான பிறகும் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் கூப்பிட்டேன். "நீ போ, வாரேன்" என்றான்.

ஒன்றை மட்டும் நான் பார்த்தேன். ஒரு மத்தியானம் அவன் ஜீப்பில் கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் டிரம்ஸ் உருண்டு சத்தம் போட்டது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் அவன் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, இடது தொடையைத் துணிமூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி கிளட்ச் மேல் வைத்தான். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"குளிருக்குக் கால் மரத்துப்போச்சு" என்றான்.

அது சித்திரை மாதம். மூடுபனிதான், குளிர் இல்லை. நான் சரி என்றேன். அடுத்த வளைவிலும் அப்படியே செய்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏன் கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். பாட்டில் அவன் வேகம் வழுக்கத் தொடங்கியிருந்தது. அவன் இடத்துக்கு வரச் சொல்லி, திண்டுக்கல்லில் ஒரு டிரம்ஸ்காரரிடம் நான் ரகசியமாகப் பேசி வைத்திருந்தேன். கால் என்ன ஆயிற்று என்று கேட்டால் அதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, கொட்டகையில் பாட்டு முடிந்து எழுந்தவன் அப்படியே முன்னால் சாய்ந்து டிரம்ஸ் மேல் விழுந்தான். கையை ஊன்றவில்லை. ஊன்ற முடியவில்லை. சிம்பல் விளிம்பில் புருவம் கிழிந்தது. ஓடி வந்த மலர் கத்தவில்லை, அழவில்லை. இதற்காகவே காத்திருந்தவள்போல முந்தானையால் ரத்தத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நரம்பு ஒண்ணொண்ணாச் சாகுற வியாதிண்ணே. மதுரையில பாத்துச் சொல்லி மூணு வருசமாச்சு."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா வேற ஆளைப் பாத்துருவீங்கன்னு பயந்தாரு. என்னையச் சத்தியம் பண்ண வச்சுட்டாரு."

தவமணி தரையில் கிடந்தபடி என் முகத்தைப் பார்த்தான். திண்டுக்கல் விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போது புரிந்தது. கடைசிவரை அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பின் அவன் எதையும் கழற்றவில்லை. நோயே கழற்றியது. முதலில் கைகள், பிறகு கழுத்து. வலது கால் மட்டும் மிஞ்சியது. சக்கர நாற்காலிக்கு முன்னால் பாஸ் டிரம் ஒன்றை மட்டும் போட்டு, மலர் தினமும் அவன் பாதத்தை எடுத்துப் பெடலில் வைப்பாள். ஞாயிறுதோறும் நான் கிட்டாரோடு மலையேறினேன். வாராவாரம் அடி மெலிந்துகொண்டே வந்தது. படி ஏறும்போதே காது அதைத்தான் தேடும்.

போன மாதம் எங்கள் முதல் பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் அவன் கால் பின்தங்கியது. நான் அவனுக்காக வேகத்தைக் குறைத்தேன். கால் நின்றது. மூச்சு இயந்திரத்தின் ஊதலுக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லாகப் பேசினான்.

"எனக்காக மெதுவா வராதடா. பாட்டு வேகத்துல போ. நான் விட்டுப் போனா... விட்டுப் போறேன்."

"முடியாது மணி."

"வாசி."

பாட்டின் வேகத்தில் வாசித்தேன். நான்கு அடிக்கு நான்கும் விழுந்தன. பிறகு மூன்று. பிறகு இரண்டு. அவன் கண் என் விரல்களை விட்டு நகரவில்லை. நடுப்பாட்டில் கடைசியாக ஓர் அடி, தோலில் உரசியதுபோல. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. நான் நிறுத்தப் பார்த்தேன். கதவருகே நின்ற மலர், நிறுத்தாதீர்கள் என்று கையைக் காட்டினாள்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பாதிப் பாட்டு. அவன் பார்த்துக்கொண்டிருக்க, அவன் கால் இல்லாமல், வேகம் குறையாமல் நான் வாசித்து முடித்தது.