கருப்பட்டி ஒண்ணும் செய்யாது

காலையில் முகம் பார்ப்பதற்கு முன் நான் உள்ளங்காலைப் பார்க்கிறேன். சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு, இடது பாதத்தை அதன்மேல் தூக்கிக் காட்டுகிறேன். மஸ்கட்டில் எட்டுப் பேர் படுக்கும் இந்தத் தகர அறையில் அது ஒரு வேடிக்கை. "என்ன வே, உள்ளங்காலுக்குச் சவரமா?" என்கிறார் பக்கத்துக் கட்டில் திசையன்விளை அண்ணாச்சி. நானும் சிரிக்கிறேன். பெருவிரலுக்கு அடியில் ஒரு கறுப்பு. போன வாரம் மிளகளவு இருந்தது. இன்று புளியங்கொட்டை.

சீனி வியாதி வந்து நாலு வருடம். ஆஸ்பத்திரி நர்ஸ் மலையாளப் பெண். பக்கத்து பாஷைதானே என்று தைரியமாக உட்கார்ந்தேன். "பஞ்சசார கழிக்குமோ?" என்றாள். பஞ்சசார என்றால் சீனி, தெரியும். கழிப்பதென்றால் நமக்கு விலக்குவதல்லவா? "எப்பவோ கழிச்சாச்சும்மா" என்றேன் பெருமையாக. அவள் முகம் சுருங்கியது. சீட்டில் ஏதோ எழுதினாள். அவள் ஊரில் கழிப்பதென்றால் சாப்பிடுவது என்று அறைக்கு வந்தபின் அண்ணாச்சி சொல்லித்தான் தெரிந்தது. சீனி தின்பவன் என்றல்லவா எழுதிவிட்டாள்! குமுறினேன். குமுறிக்கொண்டே கட்டிலுக்கடியில் இருந்த டப்பாவைத் திறந்து, உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு துண்டு உடைத்துக் கடுங்காப்பியில் போட்டேன். அது கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுதியதில் பிழையில்லை.

டப்பாவோடு மனைவி செண்பகம் பேசி அனுப்பிய கேசட்டும் வந்திருந்தது. "சீனியத் தொட்டுராதீய. கருப்பட்டி ஒண்ணும் செய்யாது, எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. அங்கன ஒத்தையில கெடக்கிய, வாய்க்கு அதாவது இருக்கட்டும்." உடம்புக்குள் போனால் இரண்டும் ஒன்றுதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தெரியாமல் தின்றேன் என்று சொல்ல மாட்டேன். அந்தத் துண்டு நாக்கில் கரையும்போதுதான் யாரோ என்னோடு பேசுவதுபோல் இருந்தது. இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா புறப்படத் தயாராக இருக்கலாம்.

போன விடுப்பில், குறுக்குத்துறைப் படியில், மகள் கோமதியோடு ஆற்றில் கால் நனைத்து உட்கார்ந்திருந்தேன். மீன்குஞ்சுகள் மொய்த்தன. "கூசுதுப்பா!" என்று அவள் காலை இழுத்துக்கொண்டாள். எனக்கு வலக்கால் கூசியது. இடக்காலில்தான் மீன் அதிகம், ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரில் சிவப்பாக ஒரு நூல் பிரிந்து போனது.

"உங்களுக்குக் கூசலையா?"

"கூசாதுட்டி. அப்பா பெரிய ஆளுல்லா."

அன்றிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை. வியாதியைவிட அதை ஒளித்து வைத்திருப்பதுதான் என்னை அதிகம் அரித்தது. கால் போனவனை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

நேற்றுதான் ஆஸ்பத்திரியில் பாதத்தைக் காட்டினேன். விரலோடு நிற்குமா, பாதமும் போகுமா என்று நாளை சொல்வார்களாம். இன்று கேசட்டில், "செண்பகம், நான் சொகமா இருக்கேன்" என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். அழித்தேன். திரும்பவும் பொத்தானை அமுக்கினேன். "கால் சரியில்ல. பயமா இருக்கு. இனிமே கருப்பட்டி அனுப்பாத." நாடா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

செருப்பை மறந்து வாசலுக்கு வந்துவிட்டேன். நடுப்பகல் சிமென்ட் தரை. வலக்கால் துடித்து எம்பியது. இடக்கால் அசையாமல் நின்றது. அது இன்னும் குறுக்குத்துறைத் தண்ணீருக்குள்தான் நிற்கிறது; மீன்கள் அதைப் பையப் பையத் தின்றுகொண்டிருக்கின்றன.