தட்டை நீயே வச்சுக்க

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். ஆசீர்வாதம் அண்ணன் ஒரு கிறிஸ்மஸுக்கு முன்னால்தான் போவார், அவர் போனபிறகு மணியடிக்கவும் ஆள் இருக்காது, அவர் சொல்லைக் காக்கவும் ஆள் இருக்காது என்று லிந்துலை பஸ் நிலையத்தில் ஊரே கேட்கச் சொன்னேன். கேட்டவர்கள் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை.

செய்தி மணி வழியாகத்தான் வந்தது. டிசம்பர் மாதத்து முதல் ஞாயிறு. எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்ன வேதக்கோயிலின் மணி நொண்டி நொண்டி அடித்தது. அண்ணன் எங்கள் கோயில்பிள்ளை. கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடித்து வந்தவர். அவர் கைக்கு மணி ஒரே சீராகப் பேசும். சாரத்தைக் கட்டிக்கொண்டே என் மனைவியிடம், “அண்ணன் போயிட்டாரு” என்றேன். ஓடிப் போய்ப் பார்த்தால், கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவள் அவருடைய லயத்திலேயே, அதே வீட்டு வரிசையில், குடியிருக்கும் செல்லம்மா. மாரியம்மனைக் கும்பிடுகிறவள். எங்கள் மணியை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

“எத்தன தடவ அடிக்கணும்னு தெரியலண்ணே,” என்று அழுதாள். “நிறுத்தவும் தெரியல.”

என்னைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். ஆனாலும் வேதத்தில் கேள்வி கேட்டு எத்தனையோ போதகர்களை இந்த நுவரெலியாக் குளிரிலும் வேர்க்க வைத்திருக்கிறேன். வட்டவளையில் ஒருவர் என் கேள்விக்குப் பதில் தெரியாமல் பிரசங்கத்தைப் பாதியில் விட்டு ரயிலேறிவிட்டார். அப்படிப்பட்ட என்னை வாயடைக்க வைத்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

சண்டை எங்களுக்குள் ஒன்றே ஒன்றுதான். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்தவர்கள் ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்து வாங்கலாமா, கூடாதா?

அதைக் கொண்டுவந்தவன் என் தம்பி மகன் ஜெயசீலன். கொழும்பில் துணிக்கடையில் வேலை. அங்கே செய்வது போல் இங்கேயும் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, யாருக்கு யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பரிசு வாங்க வேண்டும் என்றான். ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நின்றோம். எனக்கு யோசனை பிடித்துவிட்டது. எனக்கு ஒரு நல்ல பிளாஸ்க் வந்தால் போதும் என்று எல்லோர் காதிலும் விழும்படிச் சொல்லியும் வைத்தேன். ஆசீர்வாதம் அண்ணன் மட்டும் தலையை ஆட்டினார்.

“ஏண்ணே, பாலன் பொறந்தப்ப சாஸ்திரிமாரு பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டாரலையா? அது பரிசு இல்லையா?” என்று மடக்கினேன்.

“கொண்டாந்தாங்க. பிள்ளைக்குக் கொடுத்தாங்க. ஒட்டகத்த நிறுத்திப்புட்டு அவங்களுக்குள்ள மாத்திக்கிட்டாங்களா தம்பி?”

வாசலே சிரித்தது. போதகர்தான் முதலில் சிரித்தார். ஜெயசீலன் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன். அந்த வருடம் சீட்டு குலுக்கவில்லை. அதற்கடுத்த வருடங்களிலும் இல்லை.

அவர் இதைப் புத்தகத்தில் கற்கவில்லை. செல்லம்மாவிடம் கற்றார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கு நாங்கள் பக்கத்து வீடுகளுக்கு ஒரு தட்டில் கேக்கும் வாழைப்பழமும் கொடுத்தனுப்புவோம். அந்தத் தட்டு வெறுமனே திரும்பாது. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். சீனியும் மாவும் கடையில் கிடைக்காமல் போன அந்தக் கெட்ட வருடத்தில் செல்லம்மா வீட்டுத் தட்டு திரும்பி வரவில்லை. அவளும் கண்ணில் படவில்லை. அண்ணன் எதிரே வந்தால் கூடையோடு தேயிலைக்குள் இறங்கி, மேட்டைச் சுற்றிக்கொண்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாள். ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர் அவளைப் பிடித்துக்கொண்டார். நானும் அங்கே இருந்தேன். நான் எங்கேதான் இல்லை?

“ஏம்புள்ள, என்னயக் கண்டா ஓடுற?”

“சீனி இல்லண்ணே. வெறுந்தட்ட எப்படிக் கையில கொண்டாந்து தர்றது?”

அவர் அவள் கூடையை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: “அப்ப நான் கேக்கு கொடுக்கல. உன் தலையில பாரத்தத்தான் தூக்கி வச்சிருக்கேன். தட்டை நீயே வச்சுக்க.”

அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் தட்டோடுதான் கொடுத்தார். ஒரு தட்டையும் திருப்பி வாங்கவில்லை. எங்கள் லயம், மேல் லயம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்கள வீடுகள் என்று திம்புள்ளைப் பக்கமெல்லாம் அவர் தட்டில்தான் சோறு சாப்பிட்டது என்று சொன்னால் நான் மிகைப்படுத்துவதாகச் சொல்வீர்கள். கொஞ்சம் மிகைதான்.

ஆனால் அவருடைய வீட்டில் தட்டு இல்லை என்பதில் மிகை கிடையாது. வாங்குவது எல்லாம் வெளியே போனது. அவர் வாழையிலைக் கீற்றில் சாப்பிடுவார். அவர் மனைவி பாக்கியம் அண்ணிக்குச் சட்டி மூடி. சில வருடங்களுக்கு முன் நான் போயிருந்தபோது அண்ணி அந்த மூடியை என் முன்னால் நீட்டினார்.

“பாத்தீங்களா தம்பி? ஊருக்கெல்லாம் தட்டு. எனக்கு மூடி. நீங்களே கேளுங்க, கிறிஸ்மஸுக்கு எனக்கு ஒரு தட்டு. பூப்போட்டது.”

“நீ யாரு, வெளியாளா?” என்றார் அண்ணன். “நமக்குள்ள எதுக்குக் கிறிஸ்மஸ் பரிசு? தை பொறக்கட்டும், வாங்கித் தர்றேன்.”

“வெளியாளா இருந்திருந்தா ஒண்ணாவது கெடச்சிருக்கும்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை என்பதை வீட்டுக்கு நடக்கும்போதுதான் கவனித்தேன். தை ஒவ்வொரு வருடமும் பிறந்தது. தட்டு வரவில்லை. கொடுக்க வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை. கிறிஸ்மஸ் கழிந்தால் அவருக்கு நினைவே வராது. அவ்வளவுதான் அந்த மனிதர். ஊருக்கு நல்லவராக இருந்தவரின் வீட்டில் ஒருத்தி இப்படிக் காத்துக்கொண்டிருந்தாள்.

அடக்கத்தில் நான்தான் பேசினேன். என் பேச்சுக்குப் பனிமூட்டம்கூட அசையாமல் நின்று கேட்டது. கூட்டம் சொல்லி மாளாது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது; பிள்ளைகள் கொழும்பில். இருந்தவர்கள் வந்தார்கள், மண் போட்டார்கள், மழைக்கு முன் திரும்பினார்கள். கடைசியாக அண்ணி என் கையைப் பிடித்தார்.

“எனக்குன்னு ஒண்ணும் வச்சிட்டுப் போகலையா தம்பி?”

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் கோயில் அலமாரியைத் துப்புரவாக்கினேன். மாலையில் அண்ணியின் வீட்டுக்குப் போய், பழைய பேப்பரில் சுற்றிய ஒரு தட்டை அவர் மடியில் வைத்தேன். ரோசாப்பூப் போட்டது. “கோயில் அலமாரிக்குள்ள இருந்துச்சு அண்ணி. ஒங்களுக்குன்னு வாங்கி ஒளிச்சு வச்சிருக்காரு.”

அண்ணி சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கத் துடைத்தார். “சொல்லாமலே வாங்கி வச்சிருக்காரே, பாவி மனுசன்,” என்றார். சட்டி மூடியை என்னிடம் கொடுத்து, “இதக் கொண்டுபோய் எங்கயாவது வீசிருங்க” என்றார்.

விஷயம் அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அண்ணி தட்டை ஊருக்கெல்லாம் காட்டினார். கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்ததும் ஜெயசீலன் எழுந்து நின்றான். “பெரியப்பாவே கடைசில மனசு மாறி, பெரியம்மாவுக்குப் பரிசு வாங்கி வச்சிருக்காரு. இனி நமக்கு என்ன தடை?” என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். சீட்டு குலுக்கப்பட்டது. புது வருட ஆராதனைக்குப் பரிசுகளைக் கொண்டுவர வேண்டும். அண்ணி கையிலும் ஒரு சீட்டு விழுந்தது. பிரித்து வாசித்துச் சொன்னவன் நான். அதில் இருந்தது ஜெயசீலன் பெயர்.

“அந்தப் புள்ளைக்கு நான் என்னத்த வாங்க?” என்று மட்டும் கேட்டார்.

“எதையாவது வாங்கினாப் போதும் பெரியம்மா,” என்றான் அவன். நல்ல பிள்ளைதான். கொழும்பில் எதையாவது என்பது கடைக்குள் போனால் கிடைக்கிற ஒன்று.

புது வருடத்தன்று மணி அடிக்க ஆள் இல்லாமல் நானே அடித்தேன். எல்லோரும் பொட்டலங்களோடு வந்தார்கள். எனக்குப் பிளாஸ்க்கே கிடைத்தது. அண்ணி வரவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன். கோயிலுக்குப் பின்னால், தேயிலைக்குள் இறங்கி, மேட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு வெள்ளைச் சேலை போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குச் செல்லம்மா போன அதே வழி. “அண்ணி!” என்று கத்தினேன். திரும்பவில்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவர் வரவில்லை. கதவைத் தட்டினால், “உடம்புக்கு முடியல தம்பி” என்று உள்ளிருந்தே குரல் வருகிறது. பாரம் ஏறிவிட்டது. இறக்கி வைக்கத் தெரிந்தவரைப் புதைத்துவிட்டோம்.

அந்த வீட்டிலிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சட்டி மூடி. வீசவில்லை. ஒருநாள் அதில் சோறு போட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன். குழம்பு ஓரத்தில் நிற்காமல் மடியில் ஒழுகுகிறது. அண்ணி எத்தனை வருடம் இப்படிச் சாப்பிட்டாரோ.

இதை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் ஆசீர்வாதம் அண்ணனை அறிந்தவர்கள். அவர் கடைசியில் மனம் மாறினார் என்று இப்போது ஊர் முழுக்கப் பேச்சு. அதனால்தான் எழுதுகிறேன். பாக்கியம் அண்ணிக்கு எழுத்து தெரியாது. தயவுசெய்து யாரும் அவருக்கு இதை வாசித்துக் காட்டாதீர்கள். அன்றைக்கு அந்த அலமாரியை மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். மெழுகுதிரித் துண்டுகளும் ஒரு தீப்பெட்டியும்தான் இருந்தன. அவர் மனம் மாறவில்லை. அண்ணிக்கென்று அவர் எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. அந்த ரோசாப்பூத் தட்டு லிந்துலைக் கடைத்தெருவில் நான் வாங்கியது.